இரண்டாவது குரல்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் முதல் பேச்சு முழங்கால் வலி, அடுத்தது சர்க்கரை. எனக்கும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் இது ஒரு காலத்தில் ஓடிய கால் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பஸ்ஸைப் பிடிக்கவோ, நாய்க்குப் பயந்தோ ஓடியதைச் சொல்லவில்லை. ஒரு காட்டுக்குள், விடிகிற நேரத்தில், ஓடுவதற்காகவே ஓடியது. ஒரே ஒரு பருவம்தான். ஐப்பசி மழை விட்ட பிறகு தொடங்கி, தை பிறப்பதற்குள் முடிந்துபோனது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே. இப்போது அதுவரை பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். அப்போது ஊருக்கு ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கோயில்காடு. கோயில் என்றதும் கோபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பீடம், அதற்கு முன்னால் இரண்டு வரிசை மண்குதிரைகள், பின்னால் காடு. அவ்வளவுதான். காட்டை யாரும் நட்டதில்லை. ஊர் வருவதற்கு முன்பே இருந்தது என்பார்கள். உசிலையும் வெப்பாலையும் குருந்தும் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும். கொடிகள் ஆள் தொடை பருமனுக்கு முறுக்கிக்கொண்டு மரம் விட்டு மரம் போகும். வயலில் வெயில் காயும்போது உள்ளே நுழைந்தால் ஈரத்துணியை முகத்தில் போட்ட மாதிரி இருக்கும். மக்கிய இலை வாசனை, வௌவால் எச்சத்தின் காரம், எங்கோ ஒரு பழம் புளித்துக் கிடக்கிற வாடை. காட்டின் அந்தக் கடைசியில் ஒரு மொட்டைப் பாறை.

காட்டுக்குள் போனால் காலில் எதுவும் போடக்கூடாது. காய்ந்த சுள்ளியைக்கூட ஒடிக்கக்கூடாது. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பேரைக் கேட்டுவைத்துக்கொண்டு பிறகு அதுவே கூப்பிடுமாம். அது என்றால் எது என்று கேட்டதற்கு வாயில் ஒன்று வாங்கியிருக்கிறேன். இவற்றைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று இருந்தது. நம் பக்கத்தில் ஒருவர் கூப்பிட்டால் 'ஏன்' என்றுதானே குரல் கொடுப்போம்? காட்டுக்குள் அந்தச் சொல்லை உடனே சொல்லிவிடக் கூடாது. வாயை மூடிக்கொண்டு எண்ண வேண்டும். முதல் குரல், இரண்டாவது குரல். மூன்றாவது வந்தால்தான் கூப்பிடுவது மனிதர். அதற்கு இரண்டு தரம் கூப்பிடத்தான் மூச்சு உண்டு. நாம் ஏன் என்று கேட்டுவிட்டால் நம்மிடமிருந்து மூச்சை எடுத்துக்கொண்டு மூன்றாவது தரம் கூப்பிடும். அதற்கு மேல் நாம் நாமாக வெளியே வரமாட்டோம்.

இது எங்களுக்குத் தாய்ப்பாலோடு புகட்டியது. விவரம் தெரியாத வயதில் வீட்டிலேயே நான் அப்படி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுக் கரண்டியோடு வருவாள். காட்டுக்குள்ளயாடி இருக்கே என்று ஒரு போடு விழும்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சர் ஒருவர் வந்தார். மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த வேதக்காரர். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். எங்களுக்கு அதுவே பெரிய வேடிக்கை. பள்ளிக்கூடத்துக்கு மைதானம் என்று சொல்லிக்கொண்ட இடத்தில் சீமைக்கருவேலம்தான் இருந்தது. வந்த இரண்டாம் வாரம், பெரியப்பா மகளும் நானும் வரப்பு மேல் வீட்டுக்கு ஓடுவதை டீச்சர் பார்த்துவிட்டார். பெரியப்பா மகள் எனக்கு இரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஓட்டத்தில் அவளை நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

தை மாதம் மதுரையில் பெரிய ஓட்டப்போட்டி இருக்கிறது, பள்ளிக்கு ஒரு பிள்ளைதான் போகலாம், இரண்டு பேரில் யார் என்று மார்கழியில் பார்த்து முடிவுசெய்வேன் என்றார் டீச்சர். பழகுவதற்கு இடம் தேடி ஊரைச் சுற்றி நடந்தவர் காட்டைப் பிடித்துக்கொண்டார். நிழல், காலுக்கு மெத்து மெத்தென்று இலை, குதிரையடியில் உள்ளே போய்ப் பாறையைத் தொட்டுச் சுற்றி மறுபடியும் குதிரையடிக்கே வந்து சேர்கிற ஒற்றையடிப் பாதை. இதைவிட என்ன வேண்டும் என்று பூசாரியிடம் போய் நின்றார். பூசாரி கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, விசில் ஊதலாமா என்று கேட்டார்.

"ஊதுனா சாமி குதிரைய அவுத்துக்கிட்டு வந்துருவாரும்மா."

"வரட்டும். அவரையும் ஓடவிட்டு எத்தனை நிமிஷம்னு பாத்துருவோம்."

பூசாரி சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ஷூவைக் கழற்றிக் குதிரைக் காலடியில் வைத்துவிட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். பாதையில் ஒருவரை ஒருவர் முந்த முடியாது. அதனால் ஒருத்தியை முதலில் அனுப்பி, நூறு எண்ணி அடுத்தவளை அனுப்புவார். ஒருநாள் நான் முன்னால் போனால் மறுநாள் அக்கா.

முன்னால் போகிறவளுக்கு ஒரு தொல்லை உண்டு. ராத்திரி முழுக்கச் சிலந்திகள் பாதையின் குறுக்கே நூல் கட்டியிருக்கும். ஓடும்போது அத்தனையும் முகத்தில்தான் அறுபடும். வாயில் ஒட்டும், இமையில் ஒட்டும். வெளியே வரும்போது தலை நரைத்தது போல இருப்போம். கார்த்திகையில் ஒருநாள் நான் முன்னால் போனேன். ஒரு நூல்கூட முகத்தில் படவில்லை. பாதி தூரம் போன பிறகுதான் அது உறைத்தது. எனக்கு முன்னால் யாரோ போயிருக்கிறார்கள். டீச்சர் குதிரையடியில் நிற்கிறார். அக்கா எனக்குப் பின்னால் நூறு எண்ணி வருகிறாள். பாதைக்கு வேறு வாய் கிடையாது. நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முன்னால் போகிறதைப் பிடித்துவிடவும் பயம். பின்தங்கவும் பயம்.

அக்காவிடம் சொன்னேன். உடும்பு போயிருக்கும் என்றாள். உடும்பு என் உயரத்துக்கா இருக்கும் என்று கேட்டேன். நீயே உடும்பு உயரம்தானே என்று சொல்லிவிட்டாள். சிரித்தோம். ஆனால் அதற்கு அடுத்த நாள் முன்னால் போய்த் திரும்பியவள் வெளியே வந்ததும் தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கையிலும் நூல் இல்லை. நாங்கள் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. டீச்சரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டம் நின்றுபோகும்.

மார்கழிப் பிறப்பன்று டீச்சர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து பிரித்தார். புதிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, ஒரே ஜோடி. ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. எங்கள் இருவர் காலுக்கும் சரியாக இருந்தது. மதுரைக்குப் போகிறவளுக்கு இது என்றார். நான் அதுவரை செருப்புகூடப் போட்டதில்லை. அன்றிலிருந்து சோறு தின்னும்போதும் அந்த ரப்பர் வாசனைதான்.

முடிவு பார்க்கிற நாளில் பனி இறங்கியிருந்தது. குதிரைகளின் தலை தெரிந்தது, கால் தெரியவில்லை. நான் முன்னால் போக வேண்டிய முறை. ஓடினேன். பாறையைத் தொட்டுத் திரும்பி, பாதை நன்றாக அடர்த்திக்குள் இறங்கி மேலேறுகிற இடத்தைத் தாண்டியிருப்பேன். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏ புள்ள."

அக்கா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் குரல்தான். 'ஏன்' என்பது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்று.

"ஏ புள்ள."

இது கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. இரண்டு. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். எங்கோ ஒரு செம்போத்து மூச்சு முட்டிய மாதிரி கத்திவிட்டு நிறுத்தியது. மூன்றாவது வரவில்லை.

காத்திருந்தேன் என்றா எழுதினேன்? நின்று காத்திருக்கவில்லை. ஓடிக்கொண்டே காத்திருந்தேன். பயந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டது உண்டு. அது உண்மைதான். ஷூவும் உண்மைதான்.

வெளியே வந்ததும் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். அதுவரை நான் ஓடியதிலேயே அதுதான் நல்ல ஓட்டம். முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா எங்கே என்றார். வந்துக்கிட்டிருக்கா டீச்சர் என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். இந்த இரண்டு பதில்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் போனது என்று அவர் கையிலிருந்த கடிகாரத்துக்குத்தான் தெரியும்.

குளிருக்காக அன்று டீச்சர் ஷூவைக் கழற்றாமல் குதிரைகளுக்கு வெளியே ரோட்டு ஓரமாக நின்றிருந்தார். அப்படியே உள்ளே ஓடினார். விசில் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அக்காவின் பேரை முழுசாக, பதிவேட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். காட்டுக்குள் ஒரு பேர் ஒலித்து நான் கேட்டது அதுதான் முதல் தரம். மரங்களெல்லாம் காது கொடுத்தது போல இருந்தது.

அக்காவை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி விரியன். கணுக்காலுக்கு மேல் கடித்திருந்தது. அதற்குள் கால் முழங்கால்வரை வீங்கி மினுங்கியது. விசில் கேட்டுப் பெரியப்பாவும் பூசாரியும் இன்னும் நாலைந்து பேரும் ஓடிவந்தார்கள். அவர்கள் முதலில் பார்த்தது அக்காவின் காலை அல்ல, டீச்சரின் காலை. வெள்ளை ஷூவில் காட்டு மண் ஒட்டியிருந்தது.

பீடத்துக்கு முன்னால் கிடத்தினார்கள். தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்டு, ஏதோ இலையைப் பிழிந்து ஊற்றினார்கள். மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று டீச்சர் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று கும்பிட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் ஏறிய பிறகு பெரியம்மா போட்ட சத்தத்தில்தான் பால் வண்டியை நிறுத்திப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். உயிர் பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே சதை விட்டுப்போய் விறகு மாதிரி ஆகிவிட்டது.

டீச்சர் ஷூவோடு உள்ளே போனார், விசில் ஊதினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார், அதனால் பாம்பு வந்தது. ஊர் இப்படித்தான் பேசியது. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் மாற்றி வைத்துவிட்டார்கள். மறுவாரம் பள்ளிக்கூடத்தில் ஊர்க்காரர்கள் கூடினார்கள். டீச்சர் என்னை முன்னால் நிறுத்தினார். அவர் கை என் தோள் மேல் இருந்தது.

"நீதானே பக்கத்துல நின்ன? நான் உள்ள போனது அவளைப் பாம்பு கடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? பயப்படாமச் சொல்லு."

பின்னால்தான் என்று சொன்னால், அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கூப்பிட்டது கேட்டது என்று சொல்ல வேண்டிவரும். பெரியம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"கவனிக்கல டீச்சர்" என்றேன்.

தோளிலிருந்து கை விலகியது. திட்டவில்லை. தை பிறக்கும் முன்பே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசி நாள் என் பைக்குப் பக்கத்தில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்க்காமலே வாசனை சொல்லிவிட்டது. ஜெயித்தவளுக்கு என்று சொன்ன வாக்கை அவர் காப்பாற்றியிருந்தார். அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் தெம்பில்லை. மண்குதிரையின் வயிற்றில் சூளையில் வெடிக்காமல் இருக்க விட்ட ஓட்டை இருக்குமே, அதற்குள் திணித்துவிட்டேன்.

மதுரைக்கு யாரும் போகவில்லை. பொட்டப்பிள்ளைகளுக்கு ஓட்டம் எதற்கு என்று இரண்டு வீட்டிலும் பள்ளிக்கூடத்தையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் தங்கியதில்லை. செங்கல் சூளையில் இருந்தேன். போர்வெல் லாரி ஆட்களுக்குச் சமைத்துக்கொண்டு ஆந்திரா வரை போனேன். ஒருவரைக் கட்டிக்கொண்டேன், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கப்பலூரில் பிளாஸ்டிக் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்ததுதான் அதிகம். எல்லா இடத்திலும் சோறு கிடைத்தது, சில இடத்தில் இரண்டு வேளை. டீச்சரை ஊர் ஊராகத் தேடினேன் என்று சொன்னால் பொய். ஒருதரம் நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் அவரைப் போலவே நடந்த ஒருவரின் பின்னால் வெகுதூரம் போனேன். வேறு யாரோ.

அக்கா ஊரிலேயே இருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. இப்போதும் அதே வீட்டில் மல்லிகைப் பூக் கட்டுகிறாள். நான் ஊருக்கு வந்தால் அவள் வீட்டில்தான் தங்குவேன். ஊரில் உள்ள அத்தனை பேச்சும் பேசுவோம், அந்த நாளைத் தவிர.

போன தையில் போயிருந்தேன். விடிகாலையில் அவள் வாசல் வழியாக ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். ஒத்தக்கடைப் பக்கம் புதுக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்களாம். காட்டுக்குள் ஓடுவதற்காகக் காரில் வருகிறார்களாம்.

"கையில கடியாரம் கட்டிக்கிட்டு, கால்ல ஷூ மாட்டிக்கிட்டு நேரா உள்ள போறாங்க புள்ள. குதிரையும் அவுந்து வரல, ஒரு கழுதையும் வரல" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தோம். அவள் பூக் கட்டுவதை நிறுத்தாமல், அதே குரலில் கேட்டாள்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டது ஒனக்குக் கேட்டுச்சா?"

அம்பது வருஷம். நான் எத்தனை ஊரில் எத்தனை விதமாக இதற்குப் பதில் கட்டி வைத்திருந்தேன்.

"கேட்டுச்சுக்கா."

"ம்."

இன்னும் நாலு பூவைக் கட்டினாள். நானாகத்தான் பேசினேன். "மூணாவது வரும்னு பாத்தேன். ரெண்டோட நின்னுபோச்சு."

அவள் கை நின்றது. "ரெண்டா? நான் ஒரு தடவதான புள்ள கூப்பிட்டேன். அதோட கண்ணு இருட்டிருச்சே."

"பாறையில பட்டுத் திரும்பியிருக்கும்."

"பாற எங்குட்டு இருக்கு, நான் கெடந்த பள்ளம் எங்குட்டு இருக்கு? அங்க நின்னு தொண்ட கிழியக் கத்துனாக்கூட ஒண்ணும் திரும்பாது."

எனக்கும் அது தெரியும். இரண்டாவது குரல் தாழ்ந்து கிட்டத்தில் கேட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சின்ன வயதில் என்னை உடும்பு என்றாளே, அந்த முகம்.

"அப்ப ரெண்டு பேரு கூப்பிட்டும் நீ ஏன்னு கேக்கலையாக்கும்" என்றாள்.

மறுநாள் விடியும்போது நான் மட்டும் காட்டுக்குப் போனேன். மண்குதிரைகள் இல்லை. பெயிண்ட் அடித்த சிமெண்ட் குதிரை ஒன்று நிற்கிறது. அதன் வயிற்றில் ஓட்டை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன். ஓடுகிறவர்கள் வழி தெரிவதற்காகக் கிளைகளில் ஆரஞ்சு நாடா கட்டியிருந்தார்கள். அன்று அவர்கள் வரும் நாள் இல்லை. என் முகத்தில் சிலந்தி நூல் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். படவில்லை.

பாறையைக் காணோம். முக்கால்வாசி அறுத்து எடுத்துப்போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீரோடு ஒரு குழிதான் இருக்கிறது. மிச்சப் பாறையில் கையை வைத்து, ஏதோ தொட்டுவிட்டோம் என்று பேருக்குத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். முழங்கால் வலித்தது. பள்ளத்தில் இறங்கி மேலேறி நாலு எட்டு வைத்திருப்பேன்.

"ஏ புள்ள."

என்னைப் புள்ள என்று கூப்பிடுவதற்கு இந்த உலகத்தில் அக்கா ஒருத்திதான் மிச்சம். அவள் ஊரில், அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான்தான் பார்த்துவிட்டு வந்தேனே.

எண்ணவில்லை. திரும்பி நின்று, "ஏன்" என்றேன்.